டாக்டர் சீட்டு இல்லாமலே மரபணுப் பரிசோதனை செய்துகொள்ள எல்லோரையும் விடலாமா?

தாராளமாக விடலாம். என் உடம்பில் இருப்பதை நான் தெரிந்துகொள்ள இன்னொருவர் கையெழுத்து எதற்கு? ஆனால் பரிசோதனை கைக்கு வந்துவிட்டால் தகவலும் வந்துவிட்டது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள், வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மார்பகப் புற்றுநோயையே எடுத்துக்கொள்ளுங்கள். பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணுக்களில் அபாயத்தைக் கூட்டும் மாற்றங்கள் ஆயிரத்துக்கும் மேல். 2018-ல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதியோடு 23அண்ட்மீ என்ற மரபணுச் சோதனை நிறுவனம் நேரடியாக மக்களுக்கு விற்ற சோதனை, அவற்றில் பார்த்தது மூன்றே மூன்று. அதுவும் அஷ்கெனாசி எனப்படும் மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூத வம்சாவளியில் அதிகம் காணப்படுபவை. வேறு வம்சாவளிப் பெண் ஒருவர் சோதனைக்கு எச்சிலை அனுப்பிவிட்டு, "மாற்றம் கண்டறியப்படவில்லை" என்று திரையில் பார்த்தால் என்ன செய்வார்? அப்பாடா என்று மூச்சு விடுவார். அம்மாவுக்கும் சித்திக்கும் அந்த நோய் வந்திருந்தால்கூட, நமக்குத்தான் இல்லையே என்று மேமோகிராமை (மார்பக எக்ஸ்ரே) தள்ளிப்போடவும் கூடும். மூன்றைத்தான் பார்த்தோம், மற்றதைப் பார்க்கவே இல்லை என்பதை அந்த முடிவுக்குப் பக்கத்திலேயே, அதே கொட்டை எழுத்தில் போட வேண்டும் என்பேன். (2023-ல் மூன்றை 44 ஆக்கினார்கள். பரவாயில்லை, ஆனாலும் ஆயிரம் எங்கே, 44 எங்கே.)

இதற்கு நேர்மாறான கூத்தும் உண்டு. சில நிறுவனங்கள் மூலத் தரவை அப்படியே டவுன்லோடு செய்ய விடுகின்றன. திறந்தால் லட்சக்கணக்கான வரிகள்: ஒரு எண், எந்த குரோமோசோம், எந்த இடம், கடைசியில் இரண்டு எழுத்து. அதை வேறொரு தளத்தில் ஏற்றினால் இந்த நோய் அந்த நோய் என்று பட்டியல் வரும். 2018-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், இப்படி மூலத் தரவில் தெரிந்த மாற்றங்களை முறையான ஆய்வகத்தில் மறுபடி சோதித்தார்கள்; 40 சதவீதம் அந்த ஆட்களிடம் இல்லவே இல்லை. இல்லாத மாற்றத்தை நம்பி அறுவை சிகிச்சை வரைக்கும் யோசிப்பவரை நினைத்துப் பாருங்கள்.

அப்புறம், "மூன்று மடங்கு அபாயம்" என்று போட்டுப் பயமுறுத்துவது. ஆயிரத்தில் ஒருவருக்கு வருவது ஆயிரத்தில் மூவருக்கு வந்தாலும் மூன்று மடங்குதான், நூற்றில் பத்து முப்பதானாலும் மூன்று மடங்குதான். அந்த "ஆயிரத்தில் எத்தனை பேர்" என்பதைச் சொல்லாத அறிக்கையை நான் அறிக்கையாகவே மதிப்பதில்லை.

சாமானியனுக்குப் புரியாது, அதனால் தரக்கூடாது என்பவர்களோடும் எனக்கு ஒத்துவராது. தெரிந்துகொள்ளும் உரிமையில் தெரிந்துகொள்ளாமல் இருக்கும் உரிமையும் சேர்ந்தது, அவ்வளவுதான். டிஎன்ஏவின் இரட்டைச் சுருளைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சனே தன் மரபணுத் தொகுதியை ஊரறிய வெளியிட்டபோது, அல்சைமர் அபாயத்தோடு தொடர்புள்ள ஏபிஓஇ மரபணுவை மட்டும் மறைக்கச் சொன்னார். அவருக்குப் புரியாதா என்ன? வேண்டாம் என்று நினைத்தார். அதனால் இந்த மாதிரி முடிவுகள் தனியாக ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

குடும்பத்தில் நோய் இருக்கிறது என்பதற்காகச் செய்துகொள்வதாக இருந்தால், முதலில் நோய் வந்தவருக்கே முழுமையான சோதனை செய்யச் சொல்லுங்கள். அவரிடம் எந்த மாற்றம் என்று தெரிந்துவிட்டால், மற்றவர்களிடம் அந்த ஒன்றைக் குறிவைத்துத் தேடலாம்; அப்போது வரும் "இல்லை"க்குத்தான் அர்த்தம் உண்டு. மரபியல் ஆலோசகர் கிடைத்தால் அவரிடம் போங்கள். பாசிட்டிவ் வந்தால், வேறெதுவும் முடிவெடுப்பதற்கு முன்னால் மருத்துவ ஆய்வகத்தில் இன்னொரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள்.