குண்டர் படத்தில் காதல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எண்பதுகளில் நடப்பதாக எடுக்கப்பட்ட குண்டர் கும்பல் படம் ஒன்றைச் சென்ற வாரம் நண்பர்களுடன் பார்த்தேன். இரு கும்பல்களின் பகை எங்களைக் கட்டிப்போட்டது. காதல் காட்சி வந்தபோதெல்லாம் நண்பர்கள் கைப்பேசியில் மூழ்கிவிட்டார்கள். இத்தகைய படங்களுக்குக் காதல் தேவைதானா? நம் ஊரில் நடக்கும் கதையாக எடுத்தாலும் இதே நிலைதானா?

ஆர்., பிறை, பினாங்கு

அன்புள்ள ஆர்.,

தேவை என்றே உறுதியாகச் சொல்வேன். அந்தப் படத்தை நானும் பார்த்தேன். அதில் பகை, அக்காலத்துக் கள்ளச்சாராயத் தொழிலிலிருந்தும் உள்ளூர்த் தேர்தலிலிருந்தும் முளைக்கிறது. காதலுக்கோ அந்தக் காலம் பெரிய காலர் வைத்த சட்டையும் வானொலிப் பாட்டும் மட்டும்தான். அந்தக் காதலர்களை அப்படியே இன்றைக்குக் கொண்டுவந்தாலும் கதையில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியிராது.

1987இல் வந்த ‘நாயகன்’ படத்தில் வேலு நீலாவை முதலில் சந்திக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். பம்பாயின் விலைமாதர் விடுதியில் சிக்கிக்கொண்ட அந்தப் பெண், மறுநாள் கணக்குப் பரீட்சை இருப்பதால் தன்னைச் சீக்கிரம் விட்டுவிடும்படி அவனிடம் கேட்கிறாள். வேலு எத்தகைய உலகத்தில் தலையெடுக்கிறான் என்பதை அந்த ஒரு வேண்டுகோள் உணர்த்துகிற அளவுக்கு எந்தச் சண்டைக் காட்சியும் உணர்த்தவில்லை. பிறகு எதிரிகளின் துப்பாக்கிக்கு அவள் பலியாகும்போது நெஞ்சு பதறுவதும் அதனால்தான்.

நம் ஊர்க்கதைக்கு எழுபதுகளின் பினாங்கைவிடப் பொருத்தமான களம் எனக்குத் தோன்றவில்லை. 1969இல் சுங்கவரியற்ற துறைமுகம் என்ற தகுதி பறிபோனதும் வேலையில்லாத் திண்டாட்டம் தீவை வாட்டியது. 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக மண்டலத்தில் எழுந்த மின்னணுத் தொழிற்சாலைகளோ பெரும்பாலும் இளம்பெண்களையே வேலைக்கு எடுத்தன. ஆண் வேலையின்றிக் கும்பலில் சேரவும், பெண் இரவு ஷிப்டுக்குப் போய்ச் சம்பளத்தோடு வீடு திரும்பவுமான காலம் அது. 1985இல் பாலம் திறக்கும்வரை எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்குப் பெர்ரிதான் வழி என்பதால், காதலியும் எதிரியும் அதே பெர்ரியில்தான் ஏறியாக வேண்டும்.

இவற்றுக்கு மேல் சட்டம் வருகிறது. 1933ஆம் ஆண்டின் குடியிருப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, நீதிமன்ற விசாரணை இல்லாமலேயே ஒருவரை முன்பின் அறியாத மாவட்டத்துக்கு அனுப்பி, அங்கேயே தங்கி உள்ளூர்க் காவல் நிலையத்தின் கண்காணிப்பில் வாழும்படி உத்தரவிட முடிந்தது. 2011இல்தான் அது நீக்கப்பட்டது. அப்படி அனுப்பப்பட்டவனால் அவளைப் பார்க்க ஊருக்குத் திரும்ப முடியாது. ஷிப்டு முடித்துப் பஸ் பிடித்து அவள்தான் போக வேண்டும், அதுவும் வீட்டாருக்குத் தெரியாமல். அவன் இல்லாத துறைமுகத்தை எதிரி வளைத்துக்கொள்வான். காதலுக்கும் பகைக்கும் தனித்தனிக் கதை தேட வேண்டியதில்லை; ஒரே உத்தரவு இரண்டையும் பிணைத்துவிடுகிறது.

இதை எடுக்கத் துணியும் இளம் இயக்குநர், பழைய சட்டைகளையும் மோட்டார் சைக்கிள்களையும் தேடுவதற்கு முன் அந்தத் தலைமுறைத் தொழிற்சாலைப் பெண்களிடம் போய்ப் பேச வேண்டும். பிறையிலும் பட்டர்வொர்த்திலும் அவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.