எல்லா நுழைவுத் தேர்வுக்கும் போட்டு வைக்கலாமா?

கேள்வி: பொண்ணு தண்டையார்பேட்டையில கார்ப்பரேஷன் ஸ்கூல்ல பிளஸ் டூ, பயோ-மேத்ஸ் குரூப், தமிழ் மீடியம். ஆறாவதிலிருந்தே கார்ப்பரேஷன் ஸ்கூல்தான். காலாண்டுத் தேர்வில் நூற்றுக்குக் கணக்கிட்டால் கணக்கு 61, இயற்பியல் 54, வேதியியல் 66, உயிரியல் 78. டாக்டராகணும்னு ஆசை. என் தம்பி, "நீட்டை மட்டும் நம்பாதே, ஜே.இ.இ., கியூட் எல்லாத்துக்கும் போட்டு வை" என்கிறான். கோச்சிங் சென்டரில் 80,000 ரூபாய் கேட்கிறார்கள். அவங்க அப்பாவுக்கு லோடு வேலை, வீடு ஒரே ரூம். கடன் வாங்கிக் கட்டலாமா? என்னென்ன சர்டிபிகேட் எடுத்து வைக்கணும்?

பதில்: கடன் வாங்க வேண்டாம். உங்கள் மகள் எழுத வேண்டியவை இரண்டே தேர்வுகள்: பிளஸ் டூ பொதுத்தேர்வு, நீட். மற்றவற்றுக்குக் கட்டும் விண்ணப்பக் கட்டணம்கூடப் பெரிய நஷ்டமில்லை. அதற்காகப் போகும் நாட்கள்தான் நஷ்டம்.

முதலில் உங்கள் தம்பிக்குப் பதில். தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் சேர நுழைவுத் தேர்வு கிடையாது, 2007-லேயே எடுத்துவிட்டார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகமும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யும்கூட பிளஸ் டூ மதிப்பெண்ணில் கிடைப்பவைதான். ஜே.இ.இ. மெயின் என்.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களுக்கானது, அதன் முதல் சுற்று ஜனவரியில் வரும். பள்ளியில் திருப்புதல் தேர்வு ஓடும் நேரம் அது. கணக்கில் 61 எடுக்கும் பிள்ளை அந்த மாதத்தை ஜே.இ.இ.க்குக் கொடுத்தால் இரண்டும் கெடும். கியூட் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கானது. இன்ன பல்கலைக்கழகத்தில் இன்ன படிப்பு என்று முடிவு செய்திருந்தால் மட்டும் எழுதலாம். சும்மா போட்டு வைக்க வேண்டாம். கால்நடை மருத்துவம், வேளாண்மை, மீன்வளம், பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம்., ஐந்தாண்டு சட்டம் எல்லாவற்றுக்கும் மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே நிரப்பப்படுகின்றன. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் உங்களுக்குப் பக்கத்தில் மாதவரத்தில்தான் இருக்கிறது. ஆனால் "டாக்டர்" என்று சொல்லும் வீடுகளில் அந்தப் பேச்சே எழுவதில்லை.

ஆக, நீட்டைத் தவிர அத்தனை வாசலுக்கும் சாவி பொதுத்தேர்வு மதிப்பெண். அதை எப்படி ஏற்றுவது என்று பார்ப்போம்.

இன்ஜினியரிங் கட்-ஆஃப், அதாவது ரேங்குக்கு எடுத்துக்கொள்ளும் மார்க், 200-க்கு. கணக்கு அப்படியே 100, இயற்பியலும் வேதியியலும் பாதி பாதியாக 50, 50. உங்கள் மகளுக்கு இன்று 61 + 27 + 33 = 121. கணக்கில் ஒரு மார்க் ஏறினால் கட்-ஆஃபில் ஒரு மார்க். இயற்பியலில் ஒரு மார்க் ஏறினால் அரை மார்க்தான். கணக்கு 80, இயற்பியல் 70, வேதியியல் 76 ஆனால் 80 + 35 + 38 = 153. ஏறும் 32 மார்க்கில் 19 கணக்கால் மட்டுமே வருகிறது.

கணக்குத் தேர்வு 90 மார்க், அகமதிப்பீடு 10. அந்த 90-ல் ஒரு மார்க் கேள்வி 20. மீதியில் 2 மார்க், 3 மார்க், 5 மார்க் ஒவ்வொன்றிலும் ஏழு எழுத வேண்டும். ஒரு மார்க் கேள்விக்கு இங்கே நெகட்டிவ் மார்க் கிடையாது, ஒன்றையும் விடக் கூடாது. புத்தகத்தின் பின்பக்க ஒரு மார்க் கேள்விகளை விடையாக மனப்பாடம் செய்யாமல், ஒவ்வொன்றையும் ஒரு முறையாவது போட்டுப் பார்க்கட்டும். எண்ணை மாற்றிக் கேட்டால் மனப்பாடம் கைவிட்டுவிடும்.

அத்தியாயங்கள் மொத்தம் பன்னிரண்டு. அணிகள், கலப்பு எண்கள், தனிநிலைக் கணிதம் மூன்றும் பெரும்பாலும் தனித்து நிற்பவை. பிளஸ் ஒன்னில் விட்டது இவற்றை அதிகம் பாதிக்காது. இவற்றில் தொடங்கினால் மூன்று வாரத்தில் நம்பிக்கை வந்துவிடும். வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதத்தில்தான் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். காரணம் பிளஸ் டூ புத்தகத்தில் இல்லை. பிளஸ் ஒன்னில் வகையிடலும் தொகையிடலும் கைக்கு வராமல் தாண்டி வந்ததுதான். அந்த அத்தியாயங்களுக்கு முன் பிளஸ் ஒன் புத்தகத்தை எடுத்து, அடிப்படைச் சூத்திரங்களில் தினம் இருபது கணக்கு வீதம் பத்து நாள் போட வேண்டும். இதை எந்த டியூஷனிலும் செய்து தருவதில்லை. அவர்களுக்குப் 'போர்ஷன்' முடிக்கும் அவசரம்.

இனி நீட். உங்கள் மகளை நீட் எழுதச் சொல்வதற்கு ஆசை மட்டும் காரணமில்லை. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. கார்ப்பரேஷன் பள்ளியும் இதில் சேர்த்தி. அரசு உதவி பெறும் பள்ளி சேராது. வடசென்னையில் அப்படிப்பட்ட பழைய பள்ளிகள் நிறைய என்பதால் பலர் ஏமாறும் இடம் இது. இந்த ஒதுக்கீட்டுக்குத் தனி ரேங்க் பட்டியல். தனியார் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. 2021 முதல் இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் இதே ஒதுக்கீடு வந்துவிட்டது.

2025 நீட்டில் 180 கேள்வி, 180 நிமிடம், 720 மார்க். உயிரியல் 90, இயற்பியல் 45, வேதியியல் 45. சரிக்கு 4, தவறுக்கு ஒன்று கழியும். உயிரியல் மட்டுமே 360, உங்கள் மகளின் பலமும் அதுதான். அதனால் உயிரியலை முதல் 50 நிமிடத்தில் முடித்துவிட்டு மீதி நேரத்தை இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் வைக்கப் பழக வேண்டும். விண்ணப்பத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் வினாத்தாள் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் வரும். மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கிலமே இறுதி. எனவே கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் தெரிந்து வைக்கட்டும். 'இழைமணி' என்று படித்தவளுக்கு 'மைட்டோகாண்ட்ரியா' கண்ணில் பட்டதும் பொறி தட்ட வேண்டும். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் பாடவாரியாக இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தால் போதும்.

நெகட்டிவ் மார்க் பயம் பற்றி ஒரு வார்த்தை. நான்கு விடையில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் சராசரியில் லாபமும் பெரிதாக இல்லை, நஷ்டமும் இல்லை. இரண்டு விடையை நிச்சயமாகத் தவறென்று அடிக்க முடிந்தால் கட்டாயம் குறிக்க வேண்டும். அப்படிப்பட்ட கேள்விக்குச் சராசரியாக ஒன்றரை மார்க் கிடைக்கும். மார்க் நிஜமாகப் போவது வேறு இடத்தில்: "தவறான கூற்று எது" என்பதைச் "சரியான கூற்று எது" என்று அவசரத்தில் படிப்பது. கேள்வியில் 'தவறான', 'அல்ல' என்று வந்தால் பேனாவால் வட்டமிடும் பழக்கம் இப்போதே வரட்டும்.

80,000 ரூபாய்க்கு வருவோம். அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பள்ளிக்கல்வித் துறையே இலவச நீட் பயிற்சி தருகிறது. தலைமையாசிரியரிடம் கேட்டுப் பெயரைச் சேருங்கள், அல்லது 14417 என்ற கல்வி உதவி எண்ணில் கேளுங்கள். பிளஸ் டூ தேர்வு மார்ச் கடைசியில் முடியும். நீட் பொதுவாக மே முதல் வாரம். இடையில் இருக்கும் ஐந்து வாரம்தான் பொன்னான காலம். வாரத்துக்கு மூன்று மாதிரித் தேர்வு, நிஜத் தேர்வு நடக்கும் மதியம் 2 முதல் 5 மணிக்கே, வட்டங்களை நிரப்பும் ஓ.எம்.ஆர். விடைத்தாளை ஜெராக்ஸ் எடுத்து, கறுப்புப் பால் பாயிண்ட் பேனாவால். சாப்பிட்டவுடன் தூங்கி வழியும் உடம்பை அந்த நேரத்துக்குப் பழக்குவதும் பயிற்சிதான். எழுதிய மறுநாள் தவறிய கேள்விகளைத் தெரியாதது, தெரிந்தும் தப்பியது, நேரம் போதாதது என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பதினைந்து தேர்வு எழுதி ஒன்றையும் திருப்பிப் பார்க்காத பிள்ளையைவிட ஆறு எழுதி ஆறையும் அலசிய பிள்ளை முந்தும்.

ஒரே ரூம் வீடு என்பது பெரிய தடை, அதை மழுப்ப முடியாது. இரவில் டி.வி.யும் பேச்சும் அடங்க மணி பத்தாகும். விடியற்காலை நாலரை முதல் ஆறரை வரை கணக்குக்கும் இயற்பியலுக்கும் ஒதுக்குங்கள். அதற்குப் பிறகு தண்ணீர் பிடிக்கிற, டிபன் கட்டுகிற சத்தம் ஆரம்பித்துவிடும். உயிரியல் சத்தத்திலும் படிக்கலாம், கணக்கு முடியாது. அந்த இரண்டு மணி நேரம் அவளைத் தண்ணிக் குடத்துக்குக் கூப்பிடாதீர்கள். சனி ஞாயிறில் பக்கத்துக் கிளை நூலகம். கொளத்தூரில் 2024-ல் திறந்த முதல்வர் படைப்பகத்திலும் மாணவர்கள் உட்கார்ந்து படிக்கத் தனி இடம் இருக்கிறது. உங்களுக்குக் கொஞ்சம் தூரம்.

சான்றிதழ் விஷயத்தை ஏப்ரலுக்குத் தள்ளாதீர்கள். அப்போது இ-சேவை மையத்தில் வரிசை நிற்கும், மே மாதம் சர்வர் படுத்துவிடும்.

முதல் வேலை பெயர். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அதுதான் அடிப்படை. நம் ஊரில் இனிஷியல்தான் வம்பு: மார்க் ஷீட்டில் 'கா. பிரியா' என்றிருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக ஒட்டியிருக்கும், பேங்க் புத்தகத்தில் இனிஷியலே இருக்காது. நீட் விண்ணப்பத்தில் இது முட்டும். ஆதாரை மார்க் ஷீட்டுக்கு ஏற்ப இப்போதே திருத்துங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். எழுத்துக்கு எழுத்து சரிபார்த்துவிட்டுக் கொடுங்கள்.

சாதிச் சான்றிதழ் ஒரு முறை வாங்கினால் போதும். திருவொற்றியூர், மாதவரம் பக்கத்து உறவினர்கள், பழைய சான்றிதழில் 'திருவள்ளூர் மாவட்டம்' என்று இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்தத் தாலுகாக்கள் 2018-ல்தான் சென்னையோடு சேர்ந்தன. நீங்கள் பி.சி. அல்லது எம்.பி.சி. என்றால் நீட்டின் அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு மாநிலச் சான்றிதழ் செல்லாது. மத்திய அரசு படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும். அது அந்த நிதியாண்டுக்கானதாக இருக்க வேண்டும் என்பதால், இதை மட்டும் ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்குங்கள். இப்போதே வாங்கி வைத்தால் பயன்படாமல் போகலாம்.

குடும்பத்தில் யாரும் டிகிரி முடிக்கவில்லை என்றால் முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்குங்கள். கவுன்சிலிங்கில் சேர்ந்தால்தான் இந்தக் கட்டணச் சலுகை. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. ஆறு முதல் பிளஸ் டூ வரை எந்தப் பள்ளி என்ற சான்றைத் தலைமையாசிரியரிடம் கையெழுத்தும் முத்திரையுமாக வாங்குங்கள். நடுவில் பள்ளி மாறியிருந்தால் பழைய பள்ளிக்கும் நடக்க வேண்டியிருக்கும். கல்லூரி சேர்ந்ததும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். அது மகள் பெயரிலுள்ள, ஆதார் இணைத்த கணக்குக்குத்தான் போகும். பள்ளியில் திறந்த ஜீரோ பேலன்ஸ் கணக்கு முடங்கிக் கிடக்கிறதா என்று பேங்கில் ஒரு நடை பார்த்துவிடுங்கள். எல்லாக் காகிதத்தையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். நவம்பர், டிசம்பரில் தெருத்தண்ணீர் வீட்டுக்குள் வந்த அனுபவம் உங்கள் பகுதிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கும் பதிவு செய்துவிடுங்கள். கட்டணம் 500 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 250. பிரவுசிங் சென்டரில் பதிவு செய்தால் அவர்கள் தங்கள் இமெயிலைப் போட்டுவிடுவார்கள், பாஸ்வேர்டும் அவர்களிடமே இருக்கும். உங்கள் மகள் பெயரில் இமெயில், ரீசார்ஜ் தீராத உங்கள் நம்பர், இந்த இரண்டையும் வலியுறுத்துங்கள். ஓ.டி.பி. வரும் போனை அவங்க அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விட்டால் கடைசி நாளில் தவித்துப்போவீர்கள். ரேங்க் பட்டியல் வந்ததும் மார்க், சாதி, 7.5 சதவீதம் மூன்றும் சரியாக ஏறியிருக்கிறதா பாருங்கள். குறைகளைச் சொல்லச் சில நாட்களே தருவார்கள்.

விருப்பப் பட்டியல் போடும்போது நடக்கும் பெரிய தவறு, "நமக்கு இதுதான் கிடைக்கும்" என்று எளிதான கல்லூரியை மேலே போடுவது. கணினி ரேங்க் வரிசையில் வந்து, உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுத்துவிடும். எட்டாத கல்லூரியை மேலே போடுவதால் கீழே உள்ளது போய்விடாது. எளிதானதை மேலே போட்டால் அதோடு நின்றுவிடும். எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் தரலாம். நாற்பது, ஐம்பது போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே போக்குவரத்தை எழுதுங்கள். தண்டையார்பேட்டையிலிருந்து கிண்டிக்கு ஒரே மெட்ரோ. பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள கல்லூரி என்றால் காலையில் காலேஜ் பஸ், அதற்குக் கட்டணம் தனி, 7.5 சதவீதத்தில் இது அடங்குமா என்று அந்தக் கல்லூரியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் இரண்டு நாளுக்குள் உறுதி செய்யாவிட்டால் இடம் கைநழுவிவிடும்.

ரிசல்ட் வந்த அன்றே போன் அடிக்கத் தொடங்குவார்கள்: "சீட் பிளாக் பண்ணிடலாம், ஒரிஜினல் மார்க் ஷீட்டும் டி.சி.யும் மட்டும் கொடுங்க." கொடுக்காதீர்கள். கவுன்சிலிங்கில் நல்ல இடம் கிடைத்த பிறகு அந்த டி.சி.யைத் திரும்ப வாங்க முழு வருஷக் கட்டணம் கேட்டு அலையவிடுவார்கள். ஜெராக்ஸ் கொடுங்கள், அதிலும் குறுக்கே 'சேர்க்கை விசாரணைக்கு மட்டும்' என்று எழுதித் தேதி போட்டுக் கொடுங்கள்.