செந்தூலில் சொந்த வீடு

கேள்வி: நானும் கணவரும் சேர்ந்து மாதம் 7,000 ரிங்கிட் சம்பாதிக்கிறோம். பிறந்து வளர்ந்த செந்தூலிலேயே வீடு வாங்க விரும்புகிறோம். விலையைக் கேட்டால் மலைப்பாக இருக்கிறது. இயலுமா?
– வாசகி, கோலாலம்பூர்

பதில்: இயலும், ஆனால் எந்த வீடு என்பதில் கவனம் வேண்டும். வீட்டின் விலை குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைப் போல் மூன்று மடங்கைத் தாண்டாதிருந்தால் அது கட்டுப்படியாகும் என்பது பொதுவான அளவுகோல். உங்கள் கணக்கில் அது 252,000 ரிங்கிட். ரயில்வே பட்டறையை நம்பித் தமிழ்க் குடும்பங்கள் குடியேறிய செந்தூலில், எல்ஆர்டி ரயிலும் 2023-இல் வந்த எம்ஆர்டி புத்ராஜெயா ரயில் தடமும் அருகிலிருப்பதால், புதிய கொண்டோமினியங்கள் இளம் ஊழியர்களையும் வாடகைக்கு விடுவோரையும் ஈர்க்கின்றன. அவற்றின் விலை உங்கள் எல்லையை எளிதில் தாண்டிவிடும். தலைமுறைகளாக வாழ்ந்தவர்களே வெளியேற நேர்வது வேதனைக்குரியது. ஆகவே, அரசின் கட்டுப்படி விலை வீட்டுத் திட்டமான ரெசிடென்சி விலாயாவுக்கு முதலில் விண்ணப்பியுங்கள்; அதன் விலை 300,000 ரிங்கிட்டுக்கு மேற்போகாது, அவற்றுள் உங்கள் எல்லைக்குள் அடங்குவதைத் தேடுங்கள். பழைய அடுக்குமாடி வீடு என்றால், அதற்குத் தனி ஸ்ட்ராத்தா பட்டா (அடுக்குமாடியில் அந்த ஒரு வீட்டுக்கான உரிமைப் பத்திரம்) உள்ளதா என்று வழக்கறிஞர் மூலம் உறுதி செய்யுங்கள். மின்தூக்கி பழுதாகிக் கிடந்தால், பலர் பராமரிப்புக் கட்டணம் செலுத்துவதில்லை என்று ஐயுறலாம். நிர்வாகக் குழுவிடம் நிலுவைக் கணக்கையும், பெரிய பழுதுபார்ப்புகளுக்கெனக் கட்டணத்தில் 10 விழுக்காடாகச் சேர்க்கப்படும் நிதியின் இருப்பையும் கேட்டறிந்த பிறகே முன்பணம் கொடுங்கள்.