பாலமதி ஏறிய கால் லடாக்குக்குப் போதுமா?

கேள்வி: தினமும் வேலூர் பாலமதி மலைப்பாதையில் நடக்கிறேன். ஜூலையில் விமானத்தில் லடாக்கின் லே நகருக்குப் போய், மறுநாளே பாங்காங் ஏரிக்குக் கிளம்பத் திட்டம். உடம்பு தாங்குமா?
– வாசகர், சத்துவாச்சாரி

பதில்: மறுநாளே பாங்காங் வேண்டவே வேண்டாம். பாலமதி நடை காலுக்கும் மூச்சுக்கும் நல்லதுதான். ஆனால் உயரமான இடத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோய் பயில்வானையும் விடாது. வேலூர் சுமார் 220 மீட்டர், லே 3,500 மீட்டர். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் இங்கே கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான்.

முதல் 48 மணி நேரம் லேயிலேயே இருங்கள். முதல் நாள் அறையில் ஓய்வு. மாடிப்படி ஏறுவதுகூட மெதுவாக. மது கூடாது. மூன்றாம் நாள் நுப்ரா பள்ளத்தாக்குக்குப் போகலாம். வழியில் கர்துங் லா கணவாய் 5,300 மீட்டருக்கு மேல். படம் எடுத்துக்கொண்டு கால்மணிக்குள் இறங்கிவிடுங்கள். நுப்ராவில் இரவு தங்கும் திஸ்கித் ஊர் லேயைவிடத் தாழ்வு என்பதால் உடம்புக்கு நிம்மதி. பாங்காங் (சுமார் 4,250 மீட்டர்) கடைசியில்.

தலைவலியோடு குமட்டல் வந்தால் மேலே ஏறாதீர்கள். நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ அந்த நேரமே கீழே இறங்க வேண்டும், நள்ளிரவானாலும். உயர நோயைத் தடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரையை மருத்துவரைக் கேட்டே எடுங்கள். சல்ஃபா வகை மருந்துகள் ஒவ்வாமை என்றால் முன்பே சொல்லிவிடுங்கள்.

மடாலயங்களில் ஸ்தூபியையும், மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய ‘மணி’ச் சுவரையும் நம் கோயில் பிராகாரம் போலவே வலமாகச் சுற்றுங்கள். திக்ஸே மடத்துக் காலை வழிபாட்டுக்கு விடியும் முன்பே கிளம்ப வேண்டும். தமிழ்நாட்டு ப்ரீபெய்டு சிம் அங்கே எடுக்காது. போஸ்ட்பெய்டாக மாற்றிக்கொண்டு போங்கள்.