ஆச்சி சொன்ன பிஸ்கோத்து

கேள்வி: 'பிஸ்கட்' என்றால் 'இரண்டு முறை சுட்டது' என்று பொருளாமே? நான் வீட்டில் ஒரே தடவைதானே சுடுகிறேன்!
– வாசகி, திருச்சி

பதில்: பொருள் அதுதான். லத்தீனில் 'பிஸ்' என்றால் இரு முறை, 'கோக்டுஸ்' என்றால் வெந்தது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கப்பலில் மாதக்கணக்கில் போகிறவனுக்குச் சாதா ரொட்டி உதவாது, நாலு நாளில் பூஞ்சை பூத்துவிடும். அதனால் சுட்டதையே மறுபடி அடுப்பில் ஏற்றி ஈரத்தை வற்ற விட்டார்கள். நெடும்பயணம் என்றால் நான்கு முறை சுடுவார்கள் என்கிறது சாமுவேல் ஜான்சனின் 1755ஆம் ஆண்டு அகராதி. பல்லுக்குத்தான் கேடு.

அந்தப் பெயருக்கு இன்று பொருத்தமான ஆள் டீக்கடை பாட்டிலில் இருக்கும் ரஸ்க். ரொட்டியாகச் சுட்டு, ஆறவிட்டு, துண்டு போட்டு, மறுபடி சூளையில் வைத்து எடுப்பது. நீங்கள் செய்வது பெயரை மட்டும் வைத்துக்கொண்ட பிஸ்கட். சாப்பிடத் தடையில்லை.

ஆங்கிலேயர்கள் இதை வெகுகாலம் உச்சரித்தபடியேதான் எழுதினார்கள். பிறகு பிரெஞ்சு எழுத்துக்கூட்டலை எடுத்துக்கொண்டார்கள். நடுவில் உட்கார்ந்திருக்கும் அந்த 'யூ' அப்படி வந்ததுதான். அதை விட்டுவிட்டு நான் ஸ்கேலால் வாங்கிய அடி தனிக்கதை.

ஆறாம் வகுப்பில் ஆங்கிலம் படித்த திமிரில், "ஆச்சி, பிஸ்கோத்து இல்ல, பிஸ்கட்" என்று என் ஆச்சியைத் திருத்தினேன். முறுக்கு டப்பாவை மூடியபடியே, "போல, பெரிய பிஸ்கோத்து!" என்றாள். போர்த்துகீசிய மொழியில் அது 'பிஸ்கோய்த்து' என்று எனக்குத் தெரியவந்தபோது ஆச்சி இல்லை. ஜன்னல், சாவி, அலமாரியோடு கரையிறங்கிய சொல் அது. ஆங்கிலேயர்கள் வருவதற்கு முன்பே போர்த்துகீசியர்கள் நம் கடற்கரைக்கு வந்துவிட்டார்கள். அவள் ஆங்கிலத்தைத் தப்பாகச் சொல்லவே இல்லை.

கேள்வி: அமெரிக்காவில் பிஸ்கட் கேட்டேன். மெத்தென்று பன் மாதிரி ஒன்றைக் கொடுத்தார்களே?
– வாசகர், மதுரை

பதில்: அங்கே அதுதான் பிஸ்கட், ஒரே முறை சுட்டது. நம் பிஸ்கட் வேண்டுமென்றால் 'குக்கி' என்று கேட்க வேண்டும். அது டச்சுக்காரர்களின் 'கூக்யெ', அதாவது குட்டி கேக். அடுத்த முறை எதற்கும் பையில் ரஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.