மலையில் வளரும் பையன் கோல்ஃப் ஆடிப் பிழைக்க முடியுமா?

“நீலகிரியில் வசிக்கும் நடுத்தரக் குடும்பம், பையனுக்குப் பதினேழு வயது, கோல்ஃப் ஆட்டத்தையே தொழிலாக எடுத்துக்கொள்ள விரும்புகிறான், அதில் வாழ்க்கை நடத்த முடியுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். “அது பணக்காரர் ஆட்டம், பையனை ஒழுங்காகப் படிக்கச் சொல்லுங்கள்” என்று ஒற்றை வரியில் உங்களை அனுப்பிவிடுவதற்குப் பலர் இருக்கிறார்கள் என்பதால்தான் நான் நீளமாக எழுதுகிறேன். என் அப்பா இதே நீலகிரியின் வெலிங்டனில் ஆட்டக்காரர்களின் பையைச் சுமக்கும் கேடியாக வேலை பார்த்தவர். அம்மா தேயிலை பறித்தவர். என் தம்பி அப்பாவோடு போய்ப் பழகி, பிறகு தொழில்முறை ஆட்டக்காரன் ஆனவன். நான் அரசுப் பள்ளி ஆசிரியை. ஒருநாளும் மட்டையைப் பிடித்ததில்லை. ஆனால் அவன் போட்டிகளுக்குப் போன ஆண்டுகளில் வரவு செலவுக் கணக்கு முழுவதையும் எழுதி வைத்தவள் நான்தான். “ஆடாதவள் ஆட்டத்தைப் பற்றிப் பேசலாமா” என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: உங்கள் கேள்வி பிழைப்பைப் பற்றியது, பிழைப்பின் கணக்கு எனக்குத் தெரியும்.

முதலில் அந்தப் ‘பணக்காரர் ஆட்டம்’ என்ற பேச்சு. இந்தியன் ஓப்பன் போட்டி 1964-இல் தொடங்கியது. அதை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர், ஆண்டு 1991. அவர் டெல்லியில் கேடியாக இருந்து மேலே வந்தவர். 1993-இல் மறுபடியும் வென்றார். 1998-இல் வென்ற ஃபிரோஸ் அலியும் 2009-இல் வென்ற பெங்களூரு சின்னசாமி முனியப்பாவும் பை சுமந்து ஆட்டம் கற்றவர்களே. கொல்கத்தாவின் எஸ்.எஸ்.பி. சவ்ராசியா, மைதானத்தின் புல்லைப் பராமரித்த தொழிலாளியின் மகன். அவர் 2008-இல் டெல்லியில் நடந்த இந்தியன் மாஸ்டர்ஸ் போட்டியை வென்று, 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இந்தியன் ஓப்பனையும் எடுத்தார். இவர்கள் விதிவிலக்குகள் என்று நீங்கள் சொல்லலாம்; எந்த விளையாட்டிலும் உச்சிக்குப் போனவர்கள் விதிவிலக்குகள்தாம். பணக்காரர்களின் மன்றத்தில் ஆடப்படும் ஆட்டம் என்பது உண்மை. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அது வராது என்பது பொய். எங்கள் வீட்டில் ஒருவன் ஆடியதால் இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

இனி, பிழைப்பு. செய்தித்தாளில் வெற்றியாளரின் பரிசுத்தொகையை மட்டும் பார்த்துவிட்டு யாரும் முடிவெடுக்கக் கூடாது. இந்தியாவில் 2006 முதல் பி.ஜி.டி.ஐ. என்ற அமைப்பு உள்நாட்டுப் போட்டிச் சுற்றை நடத்தி வருகிறது. புதியவர்கள் தகுதிச் சுற்றில் தேறித்தான் அதில் ஆடும் உரிமையைப் பெற வேண்டும். ஒரு போட்டி பெரும்பாலும் நான்கு நாள், நாளுக்குப் பதினெட்டுக் குழி. இரண்டு நாள் முடிந்ததும், அதாவது முப்பத்தாறு குழிகளுக்குப் பிறகு, குறைந்த அடிகளில் முடித்தவர்கள் மேலே இருக்கும் பட்டியலில் ஓர் இடத்தில் கோடு கிழிக்கிறார்கள். அதற்குத்தான் ‘கட்’ என்று பெயர். கோட்டுக்கு மேலே இருப்பவர்கள் மீதி இரண்டு நாள் ஆடிப் பரிசுப்பணத்தைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். கீழே இருப்பவர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது. நுழைவுக் கட்டணம், ரயில் டிக்கெட், தங்கும் அறை, அந்த ஊரில் அமர்த்தும் கேடியின் கூலி, பந்து, கையுறை எல்லாம் ஆட்டக்காரனின் சொந்தச் செலவு. ஆகவே நடுத்தர நிலையில் இருக்கும் ஆட்டக்காரனின் குடும்பம் நடப்பது கோப்பையால் அன்று, இரண்டாம் நாள் மாலையில் கோட்டுக்கு மேலே நிற்பதால்தான். “எத்தனை போட்டி வென்றான்?” என்று உறவினர்கள் கேட்கும்போதெல்லாம் “எத்தனை கட் தாண்டினான் என்று கேளுங்கள்” என்று சொல்லிச் சொல்லி நான் அலுத்திருக்கிறேன்.

மலைப் பையன்களுக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு, அதை எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது, பந்துக்குத் தடை குறைகிறது, அதனால் கூடுதல் தூரம் பறக்கிறது. வெலிங்டன் மைதானம் கடல் மட்டத்திலிருந்து சுமார் ஆறாயிரம் அடி. ஊட்டியின் வென்லாக் டவுன்ஸ் வெளியில் உள்ள மைதானமும் கொடைக்கானல் மைதானமும் ஏழாயிரம் அடிக்குக் குறையாதவை. வெலிங்டனில் எட்டாம் எண் அயர்ன் என்ற இரும்புத்தலை மட்டையால் 160 கஜம் அடிக்கும் பையன், சென்னையிலோ கொல்கத்தாவிலோ அதே அடியை அடித்தால் பந்து பத்துப் பன்னிரண்டு கஜம் முன்னதாகவே இறங்கிவிடும். அந்தப் பன்னிரண்டு கஜத்தில் ஒரு குளம் இருந்தால், அந்தக் குழியில் அவன் கணக்குக் கெட்டது. பெங்களூரு மூவாயிரம் அடி என்பதால் அங்கே இன்னொரு கணக்கு. புல்லும் வேறு, நம் மலையில் பின்னிக் கிடக்கும் கிக்குயு புல்லில் மட்டையை இறக்கும் விதம் சமவெளியின் பெர்முடா புல்லுக்கு ஒத்துவராது. அதனால் தம்பி ஒவ்வொரு போட்டிக்கும் இரண்டு மூன்று நாள் முன்னதாகவே போய், ஒவ்வொரு மட்டைக்கும் அந்த ஊரின் தூரத்தைப் புதிதாக அளந்து குறிப்பேட்டில் எழுதிக்கொள்வான். அந்தக் கூடுதல் நாட்களின் அறை வாடகையும் சாப்பாடும் எங்கள் கணக்கில்தான் ஏறின.

ஆனால் மலை கொடுத்த வரமும் உண்டு. சமதரையே இல்லாத இடத்தில் ஆடிப் பழகியவனுக்கு, பந்து காலுக்கு மேலே கிடந்தாலும் கீழே கிடந்தாலும் பயமில்லை. கொல்கத்தாவில் ஒரு போட்டியில் அதைக் கண்டோம். இரண்டாம் நாள் காலைக் குழுவில் ஆடிய அவன், கடைசிக் குழிக்கு வரும்போது கட் எல்லையின் விளிம்பில் நின்றிருந்தான். இரண்டாவது அடி, குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரையான கிரீனுக்கு வலப்புறம், மணற்குழிக்குப் பக்கத்தில், புல்லே இல்லாத கெட்டி மண்ணில் சரிவாகப் போய் நின்றது. மற்றவர்கள் அந்த இடத்தில் வெட்ஜ் என்ற சாய்ந்த தலை மட்டையை எடுத்துப் பந்தை உயரத் தூக்கப் பார்ப்பார்கள். கெட்டி மண்ணில் மட்டை எகிறிவிடும் ஆபத்து அதில் இருக்கிறது. எங்கள் அப்பாவும் அவருடைய கூட்டாளிகளும், மைதானத்துக்கு விடுமுறை விட்ட நாட்களில், யாரோ கழித்துப்போட்ட ஓரிரண்டு பழைய அயர்ன்களை மட்டும் வைத்துக்கொண்டு ஆடியவர்கள். விதிப்படி பையில் பதினான்கு மட்டைகள் வைத்துக்கொள்ளலாம். அவர்களிடம் இருந்ததோ பெரும்பாலும் ஏழாம் எண் அயர்ன்தான். அதைக்கொண்டே பந்தைத் தாழ்வாகத் தட்டி, தரையோடு உருட்டிக் குழிக்கருகில் கொண்டுசேர்க்கும் வித்தையைத் தம்பிக்கு அப்பா கற்றுத்தந்திருந்தார். அவன் அதையே செய்தான். பந்து மேட்டில் ஏறி வளைந்து குழியின் ஓரத்தில் நின்றது. ஒரே தட்டில் உள்ளே தள்ளினான்.

அதோடு முடியவில்லை. காலையில் ஆடியவர்களின் கதி, மதியம் ஆடுபவர்கள் எப்படி ஆடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. மதியக் குழு நன்றாக ஆடினால் கோடு மேலே ஏறிவிடும். நான் பள்ளி விட்டுப் பேருந்தில் வரும் வழியெல்லாம் கைப்பேசியில் அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அறுவங்காட்டைத் தாண்டும்போது சிக்னல் போய்விட்டது. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, சரியாக அவன் எண்ணிக்கையிலேயே கோடு விழுந்திருந்தது. மீதி இரண்டு நாள் ஆடிப் பட்டியலின் கீழ்ப்பகுதியில்தான் முடித்தான். பரிசுப்பணம் அந்தப் பயணத்தின் செலவையும், அடுத்த போட்டியின் நுழைவுக் கட்டணத்தையும் ஈடுகட்டியது. “இவ்வளவுதானா” என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: தொழிலைத் தொடர முடிந்தது, அதுவே அந்த வாரத்தின் வருமானம்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். சமவெளியைச் சேர்ந்த ஒரு நிறுவனம், தங்கள் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டால் ஓர் ஆண்டுச் செலவை ஏற்பதாக வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, பருவம் தொடங்கியதும் “முதலில் ஒரு போட்டியை வென்றுவிட்டு வாருங்கள்” என்று திருப்பி அனுப்பியது. வென்றவனுக்கு உதவி தேவைப்படுவதில்லை. வெல்வதற்கு முன்னால்தான் ரயில் டிக்கெட் வாங்கக் காசு வேண்டும். நம் மலையில் இத்தனை மைதானங்கள் நூறாண்டுக்கு மேலாக இருந்தும், அங்கே உழைத்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கைகொடுக்க ஆள் இல்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம். பெண் பிள்ளைகளை அந்தப் பக்கமே யாரும் அழைத்துப் போனதில்லை. பெங்களூருவின் அதிதி அசோக் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரே ஓர் அடியில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காம் இடம் பெற்றபோது, அவருடைய பையைச் சுமந்தவர் அவருடைய தாயார். அன்று நான் தொலைக்காட்சியின் முன் அழுதேன். உங்களுக்கு மகளும் இருந்தால் அவளையும் அனுப்புங்கள்.

உங்கள் பையனுக்கு இப்போது நான் சொல்லக்கூடியது: பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கட்டும், கல்லூரியிலும் சேரட்டும், அதுவரை தொழில்முறைக்கு மாறாமல் அமெச்சூராகவே ஆடட்டும். இந்தியன் கோல்ஃப் யூனியன் நடத்தும் இளையோர் போட்டிகளில் அவன் எந்த இடத்தில் வருகிறான் என்பதே நேர்மையான அளவுகோல். சொந்த மைதானத்தில் எடுக்கும் எண்ணிக்கையை நம்ப வேண்டாம். 2022 முதல் அமெச்சூர்களும் போட்டியில் 700 பவுண்டு மதிப்பு வரை பரிசு பெறலாம் என்று விதி மாறியிருக்கிறது. தொழில்முறைக்கு மாறிவிட்டால், திரும்பி வருவதற்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டியிருக்கும், அவசரப்பட வேண்டாம். மாறுவதற்கு முன் ஓர் ஆண்டுச் செலவு கையில் இருக்க வேண்டும், கடனாக இருக்கக் கூடாது. பயிற்றுநர் சான்றிதழும் ஒரு வழி: என் தம்பி சில ஆண்டுகள் சுற்றில் ஆடிய பிறகு அதைப் பெற்று, இப்போது கோயம்புத்தூரில் கற்றுக்கொடுக்கிறான், முடிந்தபோது போட்டிக்கும் போகிறான். மாதாமாதம் வரும் வருமானம் அவனுக்கு இந்த ஆட்டத்திலிருந்துதான் வருகிறது. பையன் எந்த மைதானத்தில் ஆடுகிறான், இளையோர் போட்டிகளில் என்ன எண்ணிக்கை எடுத்தான் என்று எழுதுங்கள்; தம்பியிடம் கேட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.