படகு ட்ரெய்லரும் தண்டச் சீட்டும்: கேள்வி பதில்

வாடைக்காற்று எழும்ப, வடமராட்சிக் கரைகளில் படகுகளை வீதியால் இடம் மாற்றுகிற வேலையும் தொடங்கிவிடும். கூடவே பொலிஸ் எழுதுகிற சீட்டுகளும் வரும். பிரதேச செயலகத்தில் வாகன அனுமதிப்பத்திரப் பகுதியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கடற்றொழிலாளர் சங்கத்து ஆட்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

குருநகரில் இருந்து ஒருவர்: ஐயா, என்ரை ட்ரெய்லரிலே இஞ்சினே இல்லை. இரண்டு சில்லும் ஒரு இரும்புச் சட்டமும்தான். அதற்குப் போய் வருமான அனுமதிப்பத்திரம் இல்லையென்று தண்டம் எழுதிப்போட்டார்கள். இது எப்படி மோட்டார் வாகனம் ஆகும்?

பதில்: ஆகும் தம்பி. இலங்கையின் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம், வீதியில் பாவிக்கிற ட்ரெய்லரையும் மோட்டார் வாகனம் என்ற வரைவிலக்கணத்துக்குள்ளே சேர்த்திருக்கிறது. ஆகவே தனிப் பதிவு, தனி இலக்கத் தகடு, ஆண்டுக்கு ஆண்டு வரி கட்டி எடுக்கிற வருமான அனுமதிப்பத்திரம் எல்லாம் அதற்கும் வேண்டும். இழுக்கிற வாகனத்தின் பத்திரம் பின்னால் வருவதற்குச் செல்லாது. இஞ்சின் இல்லாததால் மிஞ்சுகிற ஒரே லாபம் புகைப் பரிசோதனைக்கு அலையத் தேவையில்லை என்பதுதான்.

பாசையூர்: படகிலே கடற்றொழில் திணைக்கள இலக்கம் பெரிதாக எழுதியிருக்கிறது. அதைக் காட்டினேன். பொலிஸ்காரர் கேட்கவே இல்லை.

பதில்: அவர் கேட்காதது சரிதான். 'ஓ.எப்.ஆர்.பி' (வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகு) என்று தொடங்கி 'ஜே.எப்.என்' (யாழ்ப்பாணம்) என்று முடிகிற அந்த இலக்கம், 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டத்தின் கீழ் வருவது. கடலிலே கடற்படை மறித்தால் அதைக் காட்டுங்கள். வீதியில் கேட்பது ட்ரெய்லரின் பின்பக்கத்துத் தகட்டை. இரண்டும் வேறு வேறு திணைக்களம், ஒன்றின் புத்தகம் மற்றதில் எடுபடாது.

மயிலிட்டி: கொடிகாமத்தில் வைத்துச் சீட்டுத் தந்தார்கள். ட்ரெய்லருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறது, ஆனால் வீட்டிலே இருந்தது. பத்திரமே இல்லையென்று எழுதியிருக்கிறார்கள். கட்டிப்போட்டுப் பேசாமல் இருப்பதா, வழக்காடுவதா?

பதில்: இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஸ்தலத் தண்டம், அதாவது பொலிஸ் மறித்த இடத்திலேயே எழுதுகிற தண்டம், அதன் பட்டியலில் 33 குற்றங்கள் இருக்கின்றன. அதிலே இலக்கத் தகடு ஒன்று, அனுமதிப்பத்திரத்தை எடுத்துச் செல்லாமை இன்னொன்று, அனுமதிப்பத்திர விதிகளை மீறியது மூன்றாவது. உங்களுடையது இரண்டாவது. எழுதியிருப்பது எதுவென்று முதலில் சீட்டை வெளிச்சத்தில் பிடித்து வாசியுங்கள். கார்பன் பிரதி மங்கலாக இருந்தால் பொலிஸ் நிலையத்திலேயே கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கட்டுவதென்றால் 14 நாளுக்குள் தபாலகத்தில் கட்டி, பற்றுச்சீட்டைப் பொலிஸ் நிலையத்தில் காட்டிச் சாரதி அனுமதிப்பத்திரத்தை மீளப் பெறலாம். அதுவரை அந்தச் சீட்டுத்தான் உங்கள் தற்காலிகச் சாரதி அனுமதிப்பத்திரம், சட்டைப்பையில் நனையவிடாதீர்கள். 14 தாண்டினால் 28ஆம் நாள் வரை இரட்டிப்பாகக் கட்ட வேண்டும். அதற்குப் பிறகு நீதிமன்றம்.

காசைக் கட்டினால் குற்றத்தை ஏற்றுக்கொண்டதாகிவிடும். கட்டிவிட்டு 'நான் குற்றவாளி இல்லை' என்று அலைவதில் பயனில்லை. வழக்காட விரும்பினால் கட்டாமல் இருந்து, நீதவான் முன்னால் பத்திரத்தைக் காட்டுங்கள். சீட்டு எழுதிய நாளுக்கு முதலே எடுத்த பத்திரமாக அது இருக்க வேண்டும், மறுநாள் ஓடிப்போய் எடுத்தது உதவாது. நீங்கள் மயிலிட்டி என்றாலும் மல்லாகத்துக்குப் போகாதீர்கள். கொடிகாமத்தில் எழுதிய சீட்டுச் சாவகச்சேரி நீதிமன்றத்துக்குத்தான் போகும். என் அபிப்பிராயம் கேட்டால், பத்திரம் கையில் இல்லை என்பது எப்படியும் உண்மை. சிறு தொகைக்காக ஒரு நாள் தொழிலை விட்டுச் சாவகச்சேரியில் குந்தியிருப்பது கட்டுப்படியாகுமா என்று பாருங்கள். அப்புறம், ட்ரெய்லருக்கு முன்கண்ணாடி இல்லை, ஒட்ட இடமும் இல்லை. பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இழுக்கிற வாகனத்திலேயே வைத்துவிடுங்கள்.

நாவாந்துறை: ட்ரெய்லர் பக்கத்து வீட்டு அண்ணையுடையது. தண்டம் எனக்கா, அவருக்கா?

பதில்: ஓட்டின உங்களுக்கு. காசை அவரிடம் கேட்பது உங்கள் இருவருடைய கதை.

கொழும்புத்துறை: பிக்கப்பில் இழுக்க என்ன லைசன்ஸ் வேண்டும்?

பதில்: 'பி' வகுப்பில் 250 கிலோவுக்கு மேற்படாத வெற்று எடையுள்ள ட்ரெய்லரை இழுக்கலாம். வெற்று எடை என்றால் படகு ஏற்றாமல், ட்ரெய்லர் மட்டும். 'சி1' லொறி என்றால் 750 கிலோ வரை. லான்ட்மாஸ்டருக்கு, அதாவது இரண்டு சில்லுக் கை உழவு இயந்திரத்துக்கு, 'ஜி1'. பழைய லொறி அச்சை வைத்து ஒட்டின ட்ரெய்லர்கள் 250ஐ இலேசாகத் தாண்டும், ஒருக்கால் தராசில் ஏற்றிப் பாருங்கள்.

காரைநகர்: கனடாவில் இருக்கிற தம்பி சொல்கிறான், அங்கே ட்ரெய்லருக்கு ஒரே தடவைதான் பதிவாம். இங்கே மட்டும் ஏன் ஆண்டுதோறும்?

பதில்: தம்பி சொல்வது ஒன்ராறியோவுக்குச் சரி. அங்கே ட்ரெய்லர் தகட்டை ஆண்டுதோறும் புதுப்பிக்கத் தேவையில்லை. ஆனால் அந்த நியாயத்தைப் பண்ணைப் பாலத்தடியில் மறிக்கிற பொலிஸிடம் சொல்லிப் பிரயோசனம் இல்லை. இங்கே வருமான அனுமதிப்பத்திரம் மாகாணத்துக்கு வருகிற வரி.

வல்வெட்டித்துறை: சில வருடமாக ட்ரெய்லர் பாவிக்காமல் வளவுக்குள்ளே கிடக்கிறது. இப்போது புதுப்பிக்கப் போனால் நிலுவையும் கேட்கிறார்கள். அநியாயம் இல்லையா?

பதில்: பாவிக்கவில்லை என்று நீங்கள் அறிவித்தீர்களா? அதுதான் கேள்வி. பாவிக்காத காலத்துக்கு முன்கூட்டியே பிரதேச செயலகத்தில் எழுத்திலே அறிவித்தல் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஓடினதாகவே கணக்கெடுப்பார்கள். வேலியோரம் புல் முளைத்துக் கிடந்தது என்பது அவர்களுடைய கொப்பியில் ஏறாது. செயலகக் கவுண்டரில் நான் கேட்ட சண்டைகளில் பாதி இதுதான்.

ஊர்காவற்றுறை: காப்புறுதி இல்லையென்று எழுதின தண்டத்தையும் தபாலகத்தில் கட்டலாமா?

பதில்: கட்ட முடியாது. அது ஸ்தலத் தண்டப் பட்டியலில் இல்லை, நேரே நீதிமன்றம்தான். தண்டமும் கடுமை. காப்புறுதி எடுக்கும்போது ட்ரெய்லரின் இலக்கம் பத்திரத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மாதகல்: பின்விளக்கு எரியவில்லை என்று மறித்தார்கள். மாற்றி மாற்றிச் சலித்துப்போனேன்.

பதில்: உப்புத் தண்ணீர்தான் காரணம். ட்ரெய்லரைக் கடலுக்குள் இறக்க முதல் வயர்ச் செருகியைக் கழற்றிவிடுங்கள். சூடான பல்ப் சட்டென்று தண்ணீர் பட்டால் வெடிக்கும், உள்ளே போன உப்பு செம்பு வயரைப் பச்சையாக்கி அரித்துவிடும். வெளியே எடுத்ததும் நல்ல தண்ணீரால் கழுவி, செருகிக்குக் கொஞ்சம் கிறீஸ் பூசுங்கள். விளக்குகளைத் தனிப் பலகையில் பூட்டிப் படகின் பின்பக்கத்தில் கட்டினால் இன்னும் நல்லது, இறக்கும்போது அவிழ்த்துக் கரையிலே வைத்துவிடலாம். இலக்கத் தகட்டை மட்டும் அந்தப் பலகை மறைக்காமல் பாருங்கள், பிறகு அதற்கும் எழுதுவார்கள்.